தனியாக நிமிர்த்த முடிகிற படகு: வாசகர் கேள்வி – பதில்

பாய்மரப் படகோட்டம் பற்றி இப்பகுதியில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருந்தன. இரண்டு மிதவைகளும் அவற்றுக்கு நடுவே ஒரு விரிப்பும் மேலே ஒரு பாயும் கொண்ட சிறிய கேட்டமரானை முதன்முதலாக வாங்கி, துணைக்கு ஆளின்றித் தனியாகவே ஓட்ட விரும்புகிறவர் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதே அது. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் வசிக்கிறேன். வயது 41, எடை 72 கிலோ. சென்ற கோடையில் சிறிய ஒற்றை உடற்படகு ஒன்றில் அடிப்படைப் பயிற்சி முடித்தேன். இப்போது நல்ல நிலையில் உள்ள ஹோபி 16 என்ற கேட்டமரான் ஒன்று டிரெய்லரோடு சேர்த்துக் குறைந்த விலைக்கு வருகிறது. என்னுடன் வர யாரும் இல்லை என்று சொன்னேன். முன்பாயைக் கட்டாமல் பெரும்பாயை மட்டும் ஏற்றிக்கொண்டால் ஒருவரே ஓட்டலாம் என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். படகின் மீது எனக்குக் குறை ஒன்றும் இல்லை. கலிஃபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகைகள் செய்துகொண்டிருந்த ஹோபி ஆல்ட்டர், 1960களின் இறுதியில் முதலில் ஹோபி 14 என்ற படகையும் அதை அடுத்து ஹோபி 16ஐயும் கொண்டுவந்தார். மணற்கரையிலிருந்து நேரே அலைக்குள் தள்ளிச் செல்லக்கூடிய படகு வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். அதற்காக நீருக்கடியில் இறக்கும் பலகையையே நீக்கிவிட்டு, மிதவையின் ஒரு பக்கத்தைத் தட்டையாகவும் மறுபக்கத்தை வளைவாகவும் அமைத்து, படகு பக்கவாட்டில் நழுவாமல் பார்த்துக்கொண்டார். 16 என்ற படகு இன்றும் உலகின் பல கரைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அது இருவருக்கான படகு. 5.05 மீட்டர் நீளம், 2.41 மீட்டர் அகலம், 145 கிலோ எடை, ஏறக்குறைய 8 மீட்டர் உயரப் பாய்மரம், இரண்டு பாய்களும் சேர்ந்து சுமார் 20 சதுர மீட்டர் துணி. இவற்றில் உங்களுக்கு எதிராக நிற்பது அந்தப் பாய்மரம்தான். முன்பாயைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டால் பாய்மரத்தின் எடை குறைந்துவிடாது.

சிறு கேட்டமரான் கவிழும். ஓட்டத் தெரியாதவருக்கும் கவிழும், நன்றாகத் தெரிந்தவருக்கும் கவிழும். கவிழ்ந்தபின் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஏனெனில் தனியாக ஓட்டுகிறவர் படகைத் தேர்ந்தெடுக்க வேண்டியது இந்த ஒரு காட்சியை மனத்தில் வைத்துத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

படகு சாய்ந்து விழுந்ததும் ஒரு மிதவை நீரிலும் மற்றொன்று உங்கள் தலைக்கு மேலேயும் நிற்கும். நடுவிலுள்ள விரிப்பு ஒரு சுவரைப் போலச் செங்குத்தாக எழுந்து நிற்க, பாய்மரமும் பாயும் நீரின் மேல் படுத்துக் கிடக்கும். அந்தச் சுவரே இப்போது பாயாகிவிடுவதால், நீந்துகிறவரை விட வேகமாகப் படகு காற்றோடு நகரத் தொடங்கும். ஆகவே விழும்போதே, பாயை இழுத்துப் பிடிக்கும் பாய்க்கயிற்றைக் கைவிடாமல் பற்றிக்கொள்ள வேண்டும். பிறகு பாய்க்கயிற்றை அதன் பிடியிலிருந்து தளர்த்திவிட்டு, நிமிர்த்துவதற்கென்றே பாய்மரத்தின் அடியில் கட்டி வைத்திருக்கும் கயிற்றை எடுத்து மேல் மிதவையின் மீது வீசி, கீழ் மிதவையின் மேல் ஏறி நிற்க வேண்டும். அங்கிருந்து படகின் முன்முனையான அணியத்தை நோக்கி இரண்டு அடி நடந்தால், உங்கள் எடையால் அணியம் சற்று அமிழ்ந்து, படகு மெல்லச் சுழன்று காற்றைப் பார்த்து நிற்கும். அதன்பின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, முதுகு நீரைத் தொடும் அளவுக்குப் பின்னால் சாய வேண்டும். உங்கள் உடலின் எடை ஒரு பக்கம், பாய்மரத்தின் எடையும் பாயில் தேங்கிய நீரின் எடையும் மறுபக்கம் என்று ஒரு துலாக்கோல் அங்கே உருவாகிறது. உங்கள் தட்டு கனத்தால் பாய்மரம் நீரிலிருந்து பிரிந்து எழும். அதனடியில் காற்று புகுந்து தூக்கிவிடும். படகு சட்டென்று நிமிரும். உங்கள் தட்டு கனக்காவிட்டால் நீங்கள் எவ்வளவு நேரம் தொங்கினாலும் ஒன்றும் நடக்காது.

ஹோபி 16ஐ நிமிர்த்துவதற்குப் பொதுவாக 130 கிலோவுக்கு மேற்பட்ட எடை, அதாவது இரண்டு ஆட்கள் வேண்டும். உங்கள் எடை 72 கிலோ.

நான் இதை ஏட்டில் படித்து எழுதவில்லை. என் முதல் படகும் ஹோபி 16தான். விலை மலிவு, கண்ணுக்கு அழகு, நண்பர்கள் அனைவரும் பாராட்டினார்கள். வாங்கிய ஆண்டின் ஜூன் மாதத்தில், கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே கவிழ்ந்தேன். அப்போது என் எடை 68 கிலோ. முறையாகச் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தேன். பாய்மரத்தின் நுனி நீரிலிருந்து ஒரு முழம் உயர்ந்தது. அந்த ஒரு முழத்திலேயே அது அசையாமல் நின்றதை இன்றும் என்னால் கண்முன் பார்க்க முடிகிறது. நாற்பது நிமிடங்களுக்குப் பிறகு அவ்வழியே வந்த விசைப்படகில் இருந்த இருவர் பாய்மர நுனியைக் கையால் தூக்கிக் கொடுத்ததால் படகு நிமிர்ந்தது. அதற்குள் என் விரல்கள் கயிற்றில் முடிச்சிடும் நிலையில் இல்லை. அவர்கள் வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தபின்தான் அந்தப் படகை விற்றேன்.

சரி, எதை வாங்குவது? உங்கள் எடைக்கும் உங்கள் ஏரிக்கும் என் முதல் பரிந்துரை ஹோபி வேவ். மொரெல்லி – மெல்வின் நிறுவனத்தார் வடிவமைத்து 1990களில் வெளிவந்த இந்தப் படகு 3.96 மீட்டர் நீளமும் 2.13 மீட்டர் அகலமும் 111 கிலோ எடையும் உடையது. சுழலும் அச்சில் பாலிஎத்திலீனை உருக்கி வார்த்த மிதவைகள் என்பதால் கல்லில் உரசினாலும் கவலையில்லை. ஒரே பாய்; அதுவும் 9 சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அணியம் பருமனாக இருப்பதால் அலைக்குள் மூக்கைச் செருகுவது குறைவு. பாய்மரம் குட்டை, உச்சியில் ஒரு சிறிய மிதவையும் பொருத்தலாம். கவிழ்ந்தால் படகு தலைகீழாகப் புரண்டுவிடாமல் பக்கவாட்டிலேயே நிற்க அந்த மிதவை உதவும். வேகத்தை விரும்புகிறவர்கள் இந்தப் படகை மதிப்பதில்லை. கடற்கரை விடுதிகளில் வாடகைக்கு விடும் படகு என்று ஒதுக்கிவிடுவார்கள். அந்த விடுதிகள் ஏன் இதைத் தேர்ந்தெடுக்கின்றன என்று அவர்கள் ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

இரண்டாவது, ஹோபி 14. இதுதான் அந்த நிறுவனத்தின் முதல் கேட்டமரான், தொடக்கத்திலிருந்தே ஒருவருக்காக அமைந்தது. 4.27 மீட்டர் நீளம், சுமார் 108 கிலோ எடை, ஏறக்குறைய 11 சதுர மீட்டர் பாய். பழையவை மலிவாகக் கிடைக்கும். 70 கிலோ அளவுள்ள ஒருவர் பழகிக்கொண்டால் தனியாக நிமிர்த்திவிட முடியும். இதற்கு இரண்டு குறைகள் உண்டு. காற்று பின்புறமிருந்து பலமாக அடிக்கும்போது காற்று மறைவான பக்கத்து அணியம் நீருக்குள் புதைந்து படகு குட்டிக்கரணம் அடிக்கக்கூடும். அப்போது உட்காரும் இடத்தைப் பின்னுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மற்றொன்று, காற்றின் குறுக்கே, அதாவது அணியத்தை நேர்காற்றைத் தாண்டி மறுபக்கம் கொண்டுபோய்த் திரும்பும்போது பாதியில் நின்றுவிடும். அதைப் பற்றித் தனியாக ஒரு வாசகர் கேட்டிருப்பதால் பின்னால் சொல்கிறேன்.

வேறொரு நண்பர் உங்களிடம் ஏ கிளாஸ் கேட்டமரானைப் பற்றிச் சொல்லக்கூடும். அதுவும் ஒருவருக்கான படகுதான். 5.49 மீட்டர் நீளத்தில் 75 கிலோ எடை மட்டுமே கொண்ட, கரிம இழையால் ஆன மிக நேர்த்தியான படைப்பு. நான்கைந்து கோடைகள் கழித்து அதைப் பற்றி எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: மெல்பர்னில் இருக்கிறேன். என் எடை 53 கிலோதான். நீங்கள் முன்பு எழுதியதைப் பார்த்தால், என்னைப் போன்ற மெலிந்த பெண்கள் தனியாகக் கேட்டமரான் ஓட்டவே முடியாது போலிருக்கிறதே?

பதில்: முடியும், அம்மா. நீங்கள் இருக்கும் ஊரே அதற்கு விடை வைத்திருக்கிறது. 1969இல் நியூசிலாந்தைச் சேர்ந்த ரான் கிவன் வடிவமைத்த பேப்பர் டைகர் என்ற ஒருவர் படகு உங்கள் நாட்டில் நெடுங்காலமாக ஓடுகிறது. நீளம் ஹோபி 14ஐப் போலவே 4.27 மீட்டர்தான், ஆனால் எடையில் அதைவிட மிகவும் குறைவு. ஒட்டுப்பலகையைக் கொண்டு வீட்டிலேயே கட்டிக்கொள்ளும்படி அமைந்த படகு அது. இலேசான படகு, இலேசான பாய்மரம் என்றால் துலாக்கோலின் மறுதட்டே சிறுத்துவிடுகிறது. கரையில் இழுப்பதற்கும் அது உதவும். நிமிர்த்துவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததில் நான் சொல்லாமல் விட்டது, 110 கிலோ படகைத் தளர்ந்த மணலில் ஒருவராக மேலேற்றுவது எவ்வளவு கடினம் என்பது. காற்றடைத்த அகலமான சக்கரங்கள் கொண்ட தள்ளுவண்டியைப் படகு வாங்கும் அன்றே வாங்கிவிட வேண்டும். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் முதுகுவலியோடு எனக்கு எழுதியிருக்கிறார்கள்.

கனமான படகே கிடைத்தாலும் வழி உண்டு. நிமிர்த்தும் கயிற்றில் மாட்டிக்கொள்ளும் நீர்ப்பை ஒன்று விற்கிறார்கள். 40 அல்லது 50 லிட்டர் நீரை அதில் அள்ளி, கயிற்றின் வழியே தூக்கித் தோளுக்குப் பின்னால் தொங்கவிட்டால், உங்கள் 53 கிலோவோடு இன்னொரு 40 கிலோ சேர்ந்துகொள்கிறது. நீருக்குள் இருக்கும்வரை அந்தப் பைக்கு எடை இல்லை, வெளியே வந்தபிறகுதான் எடை என்பதால், அதை மேலே இழுக்க ஒரு கப்பி கட்டாயம் தேவை. மிதவைகளை இணைக்கும் முன்புறக் குறுக்குச் சட்டத்தில் கீல் வைத்துப் பொருத்தும் நீண்ட கழியும் உண்டு. கழியின் நுனியிலிருந்து இழுக்கும்போது நெம்புகோலின் நீளம் கூடுகிறது. இவற்றுள் எதுவானாலும் வாங்குவதற்கு முன் விற்பவரையே உடன் வைத்துக்கொண்டு, படகைக் கவிழ்த்து, நீங்கள் ஒருவரே நிமிர்த்திப் பாருங்கள். நான்கு சக்கர வண்டியை ஓட்டிப் பார்க்காமல் யாரும் வாங்குவதில்லை. இதற்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: பழைய படகைப் பார்க்கப் போகிறேன். எங்கெங்கே தொட்டுப் பார்க்க வேண்டும்?

பதில்: கையில் ஒரு நாணயம், ஒரு பழைய பருத்தித் துணி, சிறிது சோப்பு நீர் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.

கண்ணாடியிழைப் படகுகளில் மிதவையின் சுவர் ஒரே தகடு அல்ல. இரண்டு மெல்லிய கண்ணாடியிழைத் தோல்களுக்கு நடுவே நுரைப்பொருள் வைத்து ஒட்டியிருப்பார்கள். அந்த ஒட்டு விட்டுப்போவதுதான் பழைய படகுகளின் பெரிய நோய். வெளியிலிருந்து பார்த்தால் பளபளவென்று இருக்கும், உள்ளே வலுவே இருக்காது. பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பதைப் போல நாணயத்தின் விளிம்பால் மிதவையின் மேற்பரப்பை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் ‘டக்’ என்று கூர்மையாக ஒலிக்கும். ஒட்டு விட்ட இடத்தில் ஒலி திடீரென்று மழுங்கி, அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல் ‘பொத்’ என்று கேட்கும். அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் தோல் உள்வாங்கித் திரும்புவதை விரலே உணரும். அணியத்துக்கும் முன்புறக் குறுக்குச் சட்டத்துக்கும் இடைப்பட்ட மேற்பகுதியை மிகவும் பொறுமையாகத் தட்டுங்கள், நோய் பெரும்பாலும் தொடங்குவது அங்கேதான். உள்ளங்கையளவு இடம் கெட்டிருந்தால் சிறு துளைகளிட்டு எப்பாக்ஸி பிசினைச் செலுத்திச் சரிசெய்யலாம். குறுக்குச் சட்டம் மிதவையில் இறங்கும் காலைச் சுற்றியே மென்மையாகிவிட்டிருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

அடுத்து நீர்க்கசிவு. மிதவையின் பின்புறம் நீரை வடிக்கும் திருகு மூடி இருக்கும். அதைத் திறந்து ஒரு குழாயை வைத்து வாயால் ஊதி, மேல்கீழ் ஓடுகள் சேரும் விளிம்பு நெடுகிலும் சோப்பு நீரைத் தடவினால், கசியும் இடத்தில் குமிழி எழும். காற்று இறங்குவதற்கென்றே வைத்த சிறுதுளை இருந்தால் அதை விரலால் மூடிக்கொள்ள வேண்டும். கம்பிரசர் கொண்டு காற்றடிக்காதீர்கள், ஒட்டே பிளந்துவிடும்.

பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பி வடங்களின் மீது துணியை மேலிருந்து கீழாக உருவுங்கள். ஓர் இழை அறுந்திருந்தாலும் துணி அதில் மாட்டிக்கொள்ளும். அப்படி மாட்டினால் அந்த வடம் மட்டுமல்ல, எல்லா வடங்களையும் மாற்ற வேண்டும் என்று கணக்கிட்டுக்கொண்டு விலை பேசுங்கள். வடங்கள் எப்போது மாற்றப்பட்டவை என்று விற்பவருக்குத் தெரியாவிட்டாலும் அதே கணக்குத்தான். விரிப்பின் தையலை நகத்தால் கீறிப் பார்க்க வேண்டும். வெயிலில் கிடந்து இற்றுப்போன நூல் பொடியாக உதிரும். படகின் முன்மூலை ஒன்றைத் தூக்கினால் மறுமூலையும் உடனே எழ வேண்டும். அது நெடுநேரம் தரையிலேயே கிடந்தால் சட்டங்களின் மூட்டு தளர்ந்திருக்கிறது. பாயின் நிறம் மங்கியிருப்பதும் துணி கசங்கியிருப்பதும் கற்றுக்கொள்கிறவருக்குப் பெரிய பொருட்டல்ல.

பாய்மரத்தை நிறுத்தும் முன் அண்ணாந்து பாருங்கள். மின்கம்பிகளில் அலுமினியப் பாய்மரம் பட்டு அமெரிக்காவில் உயிரிழப்புகள் நேர்ந்தபின், 1980களில் ஹோபி 16 பாய்மரத்தின் மேற்பகுதி மின்சாரம் பாயாத கண்ணாடியிழையாக மாற்றப்பட்டது. நீங்கள் பார்க்கப் போகும் பழைய படகில் அந்த மாற்றம் இருக்கும் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: அடுக்ககத்தில் குடியிருப்பவர்கள் படகை எங்கே நிறுத்துவது? காற்றடைக்கும் கேட்டமரான்கள் உருப்படியானவையா?

பதில்: உருப்படியானவைதான். செக் நாட்டில் தயாராகும் மினிகேட் போன்றவை பைகளில் மடித்து, மகிழுந்தின் பின்பெட்டியில் எடுத்துச் செல்லத்தக்கவை. இலேசானவை என்பதால் தனியாக நிமிர்த்துவதும் எளிது. எதிர்காற்றில் கெட்டியான மிதவைகள் கொண்ட படகுகளைப் போல ஏறிச் செல்லா. ஒவ்வொரு முறையும் பூட்டிக் கழற்ற நேரமும் பொறுமையும் வேண்டும். நிறுத்த இடம் கிடைக்கிறவர் இதைத் தேட வேண்டியதில்லை.

கேள்வி: ஹோபி 14 வைத்திருக்கிறேன். காற்றின் குறுக்கே திரும்பும்போது பத்தில் ஆறு முறை நடுவிலேயே நின்றுவிடுகிறேன். படகின் குற்றமா, என் குற்றமா?

பதில்: பாதி வடிவத்தின் இயல்பு, பாதி பழக்கம். ஒற்றை உடற்படகு ஓர் அச்சில் சுழல்வதைப் போல இரண்டு நீண்ட மிதவைகள் சுழல மாட்டா. படகு இலேசாக இருப்பதால் ஓடிவந்த வேகமும் சட்டென்று வடிந்துவிடுகிறது. அணியத்தைக் காற்றிலிருந்து மறுபக்கம் தள்ளித் தர முன்பாயும் உங்களிடம் இல்லை.

திரும்புவதற்கு முன் படகை எதிர்காற்றுக்கு எவ்வளவு நெருக்கமாக ஓட்ட முடியுமோ அவ்வளவு நெருக்கமாக, ஆனால் வேகம் குறையாமல் ஓட்டுங்கள். சுக்கானை ஒரே தள்ளாகத் தள்ளினால் அது தடுப்பாகவே வேலை செய்யும். மெல்லத் தொடங்கிச் சீராகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். பாய்க்கயிற்றை இறுக்கமாகவே வைத்திருந்து, அணியம் நேர்காற்றைத் தாண்டும் அந்தக் கணத்தில் ஒரு மீட்டர் அளவு விட்டுவிடுங்கள். பலரும் தவறுவது இங்கேதான். பயத்தில் கயிற்றை இறுக்கியே பிடித்திருந்தால், பாய் காற்றுத்திசை காட்டியைப் போலப் படகைத் திரும்பவும் காற்றை நோக்கியே நிறுத்திவிடும். கயிற்றை விட்டபின் பாய் மறுபக்கம் புரண்டு, அதில் செருகியிருக்கும் பட்டைகள் ‘படக்’ என்று மாறி வளையும். அந்த ஒலி கேட்டபின் மெல்ல இழுத்துக்கொள்ளுங்கள்.

அப்படியும் நின்றுவிட்டால் பதற்றம் வேண்டாம். படகு பின்னோக்கி நகரத் தொடங்கும். அப்போது சுக்கானைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தால், பின்னோக்கிச் செல்லும் ஓட்டமே அணியத்தை நீங்கள் விரும்பிய பக்கம் கொண்டுபோகும். எனக்கு இது கைவர ஒரு முழுக் கோடை பிடித்தது.

கேள்வி: கேட்டமரான் என்பது நம் கட்டுமரம்தானே? நாகப்பட்டினத்தில் என் தாத்தா ஓட்டியதும் இதுவும் ஒன்றா?

பதில்: பெயர் நம்முடையது, படகு வேறு. மரங்களைப் பக்கம் பக்கமாக வைத்துக் கயிற்றால் கட்டியது தாத்தாவின் கட்டுமரம். அதற்குத் தனித்தனியான இரண்டு உடல்கள் கிடையாது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரைக்கு வந்த ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் இப்பெயரைத் தம் பயண நூலில் எழுதினார். இரட்டை உடற்படகோ பசிபிக் தீவினரின் அறிவு. காலப்போக்கில் ஆங்கிலத்தில் நம் சொல் அவர்கள் படகின்மேல் ஏறிக்கொண்டது. 1876இல் அமெரிக்கரான நத்தானியேல் ஹெரஷாஃப் கட்டிய அமரிலிஸ் என்ற இரட்டை உடற்படகு நியூயார்க் போட்டியில் மிக வேகமாக ஓடியதால், அத்தகைய படகையே போட்டிகளிலிருந்து விலக்கினார்கள். ஒன்றில் மட்டும் தாத்தாவின் மரம் இவை அனைத்தையும் விட மேல். நீர் புகுந்து நிரம்புவதற்கு அதில் உள்ளிடமே இல்லை.

கேள்வி: படகு வாங்கிவிட்டேன், ஹோபி வேவ்தான். டொராண்டோவில் முதல் முறை தனியாக எப்போது இறங்கலாம்? மே மாதமே வெயில் நன்றாக அடிக்கிறதே?

பதில்: மே மாத வெயில் காற்றைத்தான் சூடாக்குகிறது, ஒன்டாரியோ ஏரியின் நீரை அல்ல. கரையில் அரைக்கைச் சட்டையோடு நிற்கும் நாளில் நீர் 10 டிகிரிக்கும் கீழே இருக்கும். மானிடோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீரைப் பற்றிச் சொல்லும் 1–10–1 என்ற கணக்கை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். விழுந்ததும் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம். கைகால்கள் சொன்னபடி கேட்பது 10 நிமிடம். உடல் குளிர்ந்து நினைவு தப்புவதற்கு ஏறக்குறைய 1 மணி நேரம். படகை நிமிர்த்த உங்களுக்குக் கிடைப்பது நடுவிலுள்ள அந்த 10 நிமிடம்தான். ஆகவே முதல் கோடையில் ஜூலைக்கு முன் தனியாக இறங்க வேண்டாம். ஜூலையிலும் ஒருமுறை நீரைத் தொட்டுப் பாருங்கள். மேற்குக் காற்று தொடர்ந்து அடித்தால் கரையோரத்து வெதுவெதுப்பான நீர் விலகி, அடியிலிருந்து குளிர்நீர் மேலெழுந்து, நேற்றைய இதமான ஏரி இன்று விறைக்கச் செய்யும். நீரின் வெப்பத்துக்கேற்ற வெட்சூட் என்ற ரப்பர் உடையை அணியுங்கள், வெயிலின் வெப்பத்துக்கேற்ற உடையை அல்ல.

காற்றுத்திசையில் இன்னொரு கவனம் வேண்டும். உங்களில் பலர் வல்வெட்டித்துறை, பருத்தித்துறைப் பக்கத்தவர்கள் என்பதால் நம் சொற்களிலேயே சொல்கிறேன். அங்கே கடல் வடக்கே இருக்கிறது. வடக்கிலிருந்து வரும் வாடை உங்களைக் கரைக்குத் தள்ளும், தெற்குப் பக்கமிருந்து வரும் சோழகம் கடலுக்குள் கொண்டுபோகும். டொராண்டோவில் நீர் தெற்கே இருக்கிறது. இங்கே வாடைதான் உங்களை ஏரிக்குள் கொண்டுபோகும் காற்று. அது அடிக்கும் நாளில் கரையோர நீர் கண்ணாடிபோல் சலனமின்றி இருந்து ஏமாற்றும். அரைக் கிலோமீட்டர் உள்ளே சென்றபின்தான் அதன் வேகம் தெரியும், அப்போது திரும்புவதற்கு எதிர்காற்று. வடக்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ காற்று வரும் நாளில் தனியாக இறங்காதீர்கள். மேற்கு ஒன்டாரியோ ஏரிக்கான அரசின் கடல்சார் வானிலை அறிக்கையைக் காலையில் பாருங்கள். தெற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ மணிக்கு 10 முதல் 18 கிலோமீட்டர் வரை காற்று என்றால் அது உங்கள் நாள்.

மோட்டார் இல்லாத பாய்ப்படகுக்குக் கனடாவில், படகு ஓட்டத் தகுதி பெற்றதைக் காட்டும் இயக்குநர் அட்டை தேவையில்லை. ஆனால் உயிர்காப்பு உடை, 15 மீட்டருக்குக் குறையாத மிதக்கும் கயிறு, விசில் ஆகியவை படகில் இருக்க வேண்டும். உயிர்காப்பு உடை படகில் கிடந்தால் போதாது, உடலில் இருக்க வேண்டும். விசிலை அதிலேயே கட்டிக்கொள்ளுங்கள். நீர்புகாத உறையில் கைபேசியோ, உதவி கேட்டுப் பேசக்கூடிய கைக்கடக்கமான வி.எச்.எஃப். வானொலியோ உடலோடு இருக்கட்டும். படகில் கட்டி வைத்த வானொலி, படகு கைவிட்டுப் போனால் பயன்படாது. எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

முதல் நாள் பயணம் எதுவும் வேண்டாம். கரையில் ஒருவரை நிறுத்திவிட்டு, கழுத்தளவு ஆழத்தைத் தாண்டிய இடத்தில் படகை நீங்களே வேண்டுமென்று கவிழ்த்து, கயிற்றை வீசி, நிமிர்த்தி, மேலேறி உட்காருங்கள். சற்று இளைப்பாறிவிட்டு மறுபக்கமாகக் கவிழ்த்து இன்னொரு முறை செய்யுங்கள். மூன்றாவது முறை, களைத்திருக்கும்போது எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைக் கரையில் நிற்பவரிடம் கடிகாரம் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அது 10 நிமிடத்துக்குள் இருந்தால் அடுத்த நாள் பாயை ஏற்றிக்கொண்டு புறப்படலாம். இல்லையென்றால் நீர்ப்பையை வாங்கிக் கட்டிக்கொண்டு மீண்டும் முயன்று பாருங்கள்.